வேலிக்கு அந்தப் பக்கத்து ஈக்கள்

அடுப்பில் சீனிப்பாணி காய்கிறது. வீடு முழுக்க அந்த மணம். பனி விழுமுன் தேனீக்களுக்குக் கொடுக்கக் காய்ச்சுகிறேன். போன வருடம்வரை இந்த மணம் எழுந்தவுடன் வேலிக்கு மேலால் உன் தலை தெரியும். இந்த முறை தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வசந்தத்தில்தான் இந்தப் பியர்பொன்ட்ஸ் புறநகர் வீடுகளின் பின்வளவில் ஆளுக்கொரு தேனீப்பெட்டி வைத்தோம். முதல் குளிருக்கே நீ உன் பெட்டியைப் போர்வை, பிளாஸ்டிக் என்று பச்சைப் பிள்ளையைப் போலச் சுற்றி, கீழ்வாசலைத் தவிர ஒரு ஓட்டை விடாமல் அடைத்தாய். நான் சோம்பேறி, மேலே இருந்த ஓட்டையை அடைக்க மறந்துவிட்டேன். ஏப்ரலில் திறந்தபோது உன் ஈக்கள் உள்ளே கோத்த ஈரத்தில் செத்துக் கிடந்தன. மேல் ஓட்டையால் ஈரம் வெளியே போனதில் என்னுடையவை பறந்தன. குளிரைவிட ஈரம்தான் அவற்றைக் கொல்லும் என்று அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது. நீயோ எனக்கு வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு வேறு ஈக்கள் வாங்கினாய்.

பிறகு இலை கொட்டும் காலமெல்லாம் ஒரே வழக்கு. "மச்சான், உன்ரை ஈயள் என்ரை பெட்டியிலை களவெடுக்குதுகள்" என்பாய். உண்மையாகவும் இருக்கலாம். நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. உன் தேன்தான் திறம் என்று நீ சொன்னதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

நீ போனபின் உன் பெட்டியையும் நான்தான் பார்த்தேன். செப்டெம்பரில் திறந்தால் ராணி இல்லை, ஈக்களும் கொஞ்சம்தான். புது ராணி வைக்கக் காலம் கடந்துவிட்டது. தனியே விட்டால் டிசம்பர் நத்தாருக்கு முன் முடிந்துவிடும். உன் மனைவி வேலியடியில் நின்று, "அண்ணை, அதுகளையும் சாகவிடாதேங்கோ" என்றாள். என் கூட்டத்தோடு சேர்த்துவிடுவதென்று முடிவெடுத்தேன்.

தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுக்கும் பேப்பரில் ஒரு தாளை மூடி கழற்றிய என் பெட்டிக்கு மேல் விரித்து, அதன்மேல் அடிப்பலகை கழற்றிய உன் பெட்டியைத் தூக்கி வைத்தேன். சட்டென்று சேர்த்தால் இரண்டு கூட்டமும் சண்டை பிடித்துச் சாகும். இரு பக்கமும் தாளை அரித்து முடிப்பதற்குள் ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகிவிடும். மூன்று நாள் பயந்துகொண்டே இருந்தேன். நாலாம் நாள் வாசலில் கடதாசித் துகள்கள் கிடந்தன. செத்த ஈ ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் உன்னைக் கூப்பிட வேலிப்பக்கம் திரும்பிவிட்டேன்.

வந்தது உன் மனைவி. எல்லா ஈக்களும் ஒரே வாசலால் போய் வந்துகொண்டிருந்தன. இதில் உன்னுடையவை எவை என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

"எல்லாம் அவன்ரைதான், தங்கச்சி" என்றேன்.

அவள் சிரித்தாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு. நீ இருந்திருந்தால் என் வாயால் இது வந்திருக்காது, மச்சான்.