தீ ஒத்திகையில் மாட்டின அப்பா

பழனி

அன்பு மகன் குகனுக்கு அம்மா எழுதுறது. முருகன் புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் சொகம், ஜெர்மனியில நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சொகமா இருக்கணும். ஆடலூர் மலைவாழை நல்லா வருது, கம்பெனியில சோலி சரியா இருக்கு.

போன வாரம் தீயணைப்பு ஆபீசர் நம்ம பஞ்சாமிர்தக் கம்பெனியைப் பாத்துட்டு, பின்வாசலை அடைச்சு சர்க்கரை மூட்டை அடுக்கக் கூடாது, தீப்பிடிச்சா ஆளுக வெரசா வெளியேற ஒத்திகை நடத்தணும்னு கண்டிச்சுச் சொன்னாரு. மூட்டை விசயத்தை உங்கப்பா காதுலயே வாங்கல, ஒத்திகைன்னதும் குஷியாயிட்டாரு. நெசம் மாதிரி இருக்கணும்னு, யாருக்கும் சொல்லாம ஒரு வாளியில பழைய சாக்கைக் கொளுத்தி உள்ளேயே வச்சுட்டு மணிய அடிச்சாரு. பொம்பளைக பழம் பிசைஞ்ச கையோட எதுத்த காலி மனைக்கு ஓடியாந்தாங்க, டீ கொண்டு போன நானும் அங்கதான் நின்னேன். கடைசியா வந்த கந்தம்மாள், தெனமும் சாயங்காலம் பூட்டுற பழக்கத்துல ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு வந்துட்டா. மேஸ்திரி வேலப்பன் தலைய எண்ணிப் பாத்து எல்லாரும் வந்தாச்சுன்னாரு. வேலையாளுகளை எண்ணினாரே தவிர மொதலாளியை எண்ணணும்னு யாருக்கும் தோணல.

உள்ளேருந்து தட்டித் தட்டி, தொறங்க தொறங்கன்னு சத்தம். மொதலாளி என்னமா நடிக்கிறாருன்னு கந்தம்மாள் பூரிச்சுப் போனா, ஆளுக கை தட்டுறாங்க, நானும் சிரிச்சேன்டா. அப்புறம் ஒரு இருமல் கேட்டுச்சு பாரு, அது நடிப்பில்லன்னு எனக்குத் தெரியாதா? சாவி சாவின்னு கத்துறேன், கந்தம்மாள் கை நெய்ப்பிசுக்குல சாவி வழுக்கிக் கீழ விழுது. வேலப்பன் எடுத்துத் தொறந்தா, உங்கப்பா துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு கரி அப்பின மூஞ்சியோட வந்து விழுறாரு. பின்வாசலுக்கும் ஓடிப் பாத்திருக்காரு, மூட்டை அசையல.

கந்தம்மாள் ஒரே அழுகை, வேலையை விட்டு நின்னுக்கறேங்கன்னு சொன்னா. நான் மாட்டினதோட போச்சு, நீ மாட்டியிருந்தா ஒன் பிள்ளைககிட்ட நான் என்னத்தைச் சொல்றதுன்னு இவரு கேக்கவும் அவ முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டா. டாக்டரு பயமில்லன்னுட்டாரு. மறுநாள் வெள்ளனே போயி மூட்டை பூராத்தையும் அவரே ஆளுகளோட சேந்து எடுத்துப் போட்டாரு. பின்வாசல் தொறந்து கெடக்கு, காத்து நல்லா வருது, இப்ப அது தன்னோட யோசனைன்னு வாரவுககிட்டயெல்லாம் சொல்றாரு.

ஒங்க ஆபீசுல எந்தப் படி வழியா எறங்கணும்னு பாத்து வச்சுக்க, மணி அடிச்சா லேப்டாப்பை எடுக்கத் திரும்பிப் போகாத. பழனியாண்டவர் ஒன்னையும் ஒன்கூட வேலை பாக்குறவுகளையும் காப்பாத்தட்டும். மறக்காம ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. இதை ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு உங்கப்பா உத்தரவு. குரல் ஏன் இப்படிக் கம்மிக் கெடக்குன்னு மட்டும் கேளு. பனி ஒத்துக்கலைம்பாரு. ஆமாப்பா, பத்திரமா இருங்கன்னு சொல்லிரு.

இப்படிக்கு
ஒன் அம்மா
விசாலாட்சி சுவாமிநாதன்