பச்சைத் துணிக் கதவு

20 ஜனவரி 2025
அறை 14, மூன்றாம் மாடி

மதிப்புக்குரிய தேவராசா அங்கிளுக்கு,

தைப்பொங்கலன்று எங்கள் அறைக்கு நீங்கள் அனுப்பிய புக்கைக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார். லண்டன் குட்மேய்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றதும், வீடில்லாதவர்களுக்கு இடம் தரும் கவுன்சில் எங்களை இந்த விடுதிக்கு அனுப்பியது. மேலாளரான நீங்கள் தமிழர் என்று தெரிந்த பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

கவுன்சில் அனுப்பிய குடும்பங்கள் முன்படியைப் பாவிக்கக் கூடாது என்கிறீர்கள். அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து ஐந்து மாதம்தான். அவருடைய தையல் நாடாவால் இரண்டு படிகளையும் அளந்தேன். முன்படியில் ஒவ்வொரு படியும் ஆறு அங்குல உயரம். ஓக் மரக் கைபிடியை, பிடிக்கிற கையை நினைத்தே இழைத்திருக்கிறார்கள். பின்படி ஒன்பது அங்குலம். யன்னல் இல்லை, பிடிக்கக் கயிறு மட்டும். நூற்றிருபது வருடங்களுக்கு முன், இது ஒரு பணக்காரரின் வீடாக இருந்தபோது, வேலைக்காரிகள் நிலக்கரி சுமந்து ஏறிய வழி அது.

அம்மாவையும், பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு இருக்கும் பியற்றிஸ் அக்காவையும் முன்படியால் போகவிடுங்கள்.

அன்புடன்,
மேனுஷா

22 ஜனவரி 2025
அலுவலகம்

அன்பான பிள்ளை மேனுஷாவுக்கு,

தமிழில எழுதினது நல்லது. இங்கிலிஷில எழுதினால் முறைப்பாடு எண்டு பதிய வேணும். எனக்கும் தலையிடி, உமக்கும் நல்லதில்லை. இது எங்களுக்குள்ள இருக்கட்டும்.

முன்படி காசு குடுத்துத் தங்கிற விருந்தாளிகளுக்கு. அவையள் இந்த வீட்டைப் பாக்கத்தான் வருகினம். தச்சன்ர கை தெரியக் கட்டின வீடு எண்டு எங்கட விளம்பரத்திலயே கிடக்கு. அதுக்குள்ளால நீங்கள் சோத்துப் பானையோட இறங்கினால் என்ன நினைப்பினம்? நான் 91இல லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில ஒரு அறைக்குள்ள ஏழு பேரோட படுத்தனான். படி எத்தினை அங்குலம் எண்டு அளக்கேல்லை.

முன்படித் திருப்பத்து யன்னல் இருக்கையில நீர் புத்தகம் வாசிக்கிறதையும் கண்டனான். இனி வேண்டாம். இண்டையில இருந்து உங்கட மாடியில முன்படிக்குப் போற கதவையும், பின்படிக்குக் கீழ முன்கூடத்துக்குத் திறக்கிற பச்சைத் துணிக் கதவையும் பூட்டுறன். உங்களுக்குப் பின்வாசல் இருக்கு.

இப்படிக்கு,
தேவராசா

9 பெப்ரவரி 2025
அறை 14

தேவராசா அங்கிளுக்கு,

நேற்றுக் காலை பத்து மணிக்கு நெருப்பு மணி அடித்தது. பின்படியால் பதினொரு பேர் இறங்கினோம். பின்வாசலுக்கு வெளியே சலவைக்காரரின் இரும்புக் கூடைகள் முட்டிக்கொண்டு நின்றன. கதவு நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. பியற்றிஸ் அக்கா குழந்தையின் முகத்தை அந்த இடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

பச்சைக் கதவில் ஒன்பது நிமிடம் தட்டினோம். சமையலறைச் சத்தம் வீட்டாருக்கு எட்டக் கூடாதென்றுதான் அந்தக் காலத்தில் கதவில் கம்பளித் துணி அடித்தார்கள். துணி இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கைதான் வலித்தது.

கடைசியில் வந்து திறந்தவர், அறை துப்புரவாக்கும் செல்வமலர் அக்கா. "ஐயோ, நீங்கள் உள்ளயோ! மனேஜர் வெளியில புல்லில நிண்டு விருந்தாளியளின்ர லிஸ்ற்றைப் பாத்து, எல்லாரும் வெளியில எண்டிட்டாரே," என்றார்.

தச்சனின் கை தெரியக் கட்டியவர்கள், நிலக்கரி சுமந்தவளின் முகம் தெரியாமலும் கட்டினார்கள். ஆனால் அவர்கள்கூட அந்தக் கதவைப் பூட்டவில்லை.

மேனுஷா

10 பெப்ரவரி 2025
அலுவலகம்

பிள்ளை மேனுஷாவுக்கு,

குசினியில பாண் கருகி அடிச்ச மணி. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அதைப் பெரிசாக்காதையும்.

இந்தக் கவருக்குள்ள பச்சைக் கதவின்ர சாவி இருக்கு; மாடிக் கதவுக்கும் அதே சாவிதான். அம்மா முன்படியால போகட்டும். நீரும் யன்னலடியில இருந்து வாசியும். பியற்றிஸுக்குச் சொல்ல வேண்டாம். ஒராளுக்கு விட்டால் எல்லாரும் வருவினம்.

வியாழக்கிழமை கவுன்சிலில இருந்து ஆள் வாறார். கேட்டால் பிரச்சினை ஒண்டும் இல்லை எண்டு சொல்லும். என்ர மகள்மாதிரி நினைச்சுத்தான் கேக்கிறன்.

அன்புடன்,
தேவராசா அங்கிள்

11 பெப்ரவரி 2025
அறை 14

திரு. தேவராசா அவர்களுக்கு,

சாவி கிடைத்தது. அம்மா அதை வாங்கித் திரும்ப என் கையிலேயே வைத்தார். "பியற்றிஸ் பின்னால பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்க, நான் முன்னால இறங்கிறதோ? எனக்கு ஏலாது," என்றார். முழங்காலைப் பற்றிக்கூட அவர் இதுவரை ஏலாது என்று சொன்னதில்லை.

பச்சைக் கதவைத் திறந்து, திரும்பச் சாத்தாமல் ஒரு கதிரையை முண்டு கொடுத்திருக்கிறேன். சாவியை வியாழக்கிழமை வருகிறவரிடம் கொடுப்பேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் கொடுப்பேன். நேற்று அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுதினேன். அவருக்கு விளங்க வேண்டுமே. இனி நான் உங்களுக்கு எழுதுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் விட்டேன்: நீங்கள் என்னைக் கூப்பிட்ட 'பிள்ளை'.

மேனுஷா சண்முகராசா