மேஸ்திரி முன்னால் அடித்த சீட்டி

சைகோன், 1934

அன்புள்ள அமுதத்துக்கு,

உன் புருஷன் குழந்தைவேல் எழுதுவது. நான் சுகம். பாகூரில் நீயும் அம்மாவும் சுகமா?

எனக்கு முகவாதம் என்று எவன் வந்து சொன்னாலும் நம்பாதே. மெல்லும்போது காதடியில் தாடை சொடுக்குகிறது, இடது கன்னம் விறுவிறுத்து மரத்துப்போகிறது, அவ்வளவுதான். தாடை மூட்டுக் கோளாறு என்று டாக்டரே சொல்லிவிட்டார். கிடங்கு மேஸ்திரிதான், "இன்னாபா, வாய் கோணிக்கப் போவுது, அடுத்த கப்பல்ல வூட்டுக்குப் போயிடு" என்றார். வாதக்காரனுக்கு உதடு குவியுமா, இப்படி அடிப்பானா என்று கேட்டு, கிடங்கே திரும்பிப் பார்க்கச் சீட்டி அடித்தேன். அவர் மூட்டை எண்ணப் போய்விட்டார். ஒப்பந்தக் கெடு முடியாமல் நான் கப்பல் ஏற மாட்டேன்.

முறுக்கு வேண்டாம், பொரிமாவு அனுப்பு. நீயே இடித்ததாக இருக்கட்டும். ஒண்டியாகச் சாப்பிடும்போது இந்தத் தாடைச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை.

தபால் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். வந்ததும் நம் கொல்லைக் கரும்பை நானே கடிப்பேன். முடியாவிட்டால் நீ கடித்துக் கொடு.

குழந்தைவேல்