இரண்டு ஊசிகளும் ஏறிய பகல்

நேற்று மகனின் காரில் பாலக்காட்டுச் சித்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேகம், சூடு, எண்ணெய் எல்லாவற்றையும் காட்டும் முன்பக்கத் திரை சட்டென்று கறுத்துப்போனது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது. பட்டறைக்காரர் திரையைக் கழற்றி, பின்னாலிருந்த ஒயர் முனையை இழுத்துப் பார்த்தார். "இஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்க. அது சொல்றது திரைக்கு வந்து சேரல, அவ்வளவுதான்" என்றார். கருகிய ஒயர் வாடை அடித்தது. நான் எழுந்து வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டேன். நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எழுபதுகளின் நடுவில் நண்பர்கள் நாம் இருவரும் சேர்ந்து ஒரு பழைய காரை வாங்கி, எருத்தேன்பதியில் வாடகைக்கு விட்டிருந்தோம். நீ ஓட்டுவாய். சவாரி பிடிப்பது என் பாடு. அந்தச் சித்திரையில் ஒரு நாள் உச்சி வெயிலில் உன் தங்கையின் கணவன் ஓடிவந்தான். அவளுக்கு விடியும்போதே வலி கண்டிருந்தது. உதிரம் நிற்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண் என்பதால் பிரசவம் புகுந்த வீட்டில். "எனக்கு அஞ்சும் இப்புடித்தான் பொறந்துச்சு" என்று மாமியார் அதுவரை அவளை அசையவிடவில்லை.

அவளைப் பின்சீட்டில், மாமியார் மடியில் கிடத்தினோம். நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு நீ விரட்டினாய். கொழிஞ்சாம்பாறை தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத பனங்காட்டில் சூடு காட்டும் ஊசி கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. நீ வண்டியை ஓரம் கட்டினாய்.

"மச்சா, நிறுத்தாதீங்க!" என்று கத்தினான் அவள் கணவன்.

"இஞ்சின் புடிச்சுக்கிச்சுன்னா இந்தக் காட்டுல என்ன பண்ணுவ?" என்றபடி நீ இறங்கினாய். இஞ்சின் மூடியைத் தூக்கி, ரேடியேட்டர் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தாய். எப்போதும் உள்ள சூடுதான். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தாய். பெட்ரோல் ஊசியும் நிறைந்த கோட்டில் நின்றது. காலையில் பாதிதான் இருந்தது.

"ஓடற வண்டியில பெட்ரோல் எப்புடிடா ஏறும்? ரெண்டும் சேந்து பொய் சொல்லுது. ஏறு" என்றாய்.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் நின்றிருப்போம். அதற்கப்புறம் நீ அந்த ஊசிகளைத் திரும்பியே பார்க்கவில்லை.

குழந்தை பிழைத்தது. உன் தங்கை பிழைக்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "வளரெ வைகிப்போயி" என்றார். மிகவும் தாமதம் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து தாமதம் என்று யாரும் அவரைக் கேட்கவுமில்லை. "நடுவழியில வண்டிய நிறுத்தி நோண்டிக்கிட்டு இருந்தாரு" என்றார் மாமியார். பிணம் ஊர் வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு ஊர் வந்துவிட்டது.

காரியம் முடிந்த பிறகு நீ மீட்டர் பலகையைக் கழற்றினாய். இரண்டு ஊசிகளுக்கும் மின்சாரத்தை அளந்து விடும் சின்ன டப்பா ஒன்று பின்னால் இருந்தது. அதை வண்டி உடம்போடு பிணைக்கும் திருகு துருவேறித் தளர்ந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, திருகை முறுக்கி, சாவியைப் போட்டாய். இரண்டு ஊசிகளும் மெதுவாகத் தங்கள் இடத்துக்கு வந்து நின்றன. நீ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாய். "இவ்வளவுதான்டா" என்றாய்.

குழந்தையைப் பார்க்கப் போன உன்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நானும் பெரியவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நண்பனுக்குப் பரிஞ்சு பேசறான்" என்றார்கள். காரை என்னிடம் விட்டுவிட்டு நீ இடுக்கிக்குப் போனாய். எஸ்டேட் ஜீப் ஓட்டி, அந்தக் குளிரிலேயே கிழவனாகி, அங்கேயே செத்தும் போனாய். உன்னைத் தூக்கிய நால்வரில் உன் ஊர்க்காரன் நான் ஒருவன்தான்.

திரும்பி வந்ததும் உன் தங்கை மகளிடம் சாவு சொல்லப் போனேன். அவள் கதவருகிலேயே நின்றாள். "எங்கம்மா சாவுக்குக் காரணமானவருங்க அவரு. எனக்கு எதுக்குச் சொல்றீங்க?" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விடியலில் கண்ட வலி, ஏறிய ஊசிகள், துருப்பிடித்த திருகு. நான் முடித்ததும் வேறொன்று கேட்டாள்.

"ஏனுங்க, வழியில எங்கம்மா ஏதாச்சும் பேசுச்சுங்களா?"

பேசினாள். நீ மூடிக்குள் குனிந்திருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. கணவனும் மாமியாரும் போட்ட சத்தத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். "கத்தாதீங்க. எங்கண்ணன் பாத்துக்கும்" என்றாள். எஸ்டேட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது ஒருமுறை இதைச் சொன்னேன். நீ மலையைப் பார்த்தபடி, "இத எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம்டா" என்றாய். அதன்பின் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவளிடம் சொன்னேன். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். உள்ளே கட்டிலில் அவளுடைய அப்பா இருமிக்கொண்டிருந்தார். இருமல் நின்றது. அன்று அதைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். இத்தனை வருடத்தில் மகளிடம் சொன்னதில்லை.

அவள் கதவைச் சாத்தவில்லை, என்னை உள்ளே கூப்பிடவுமில்லை. நான் நடந்து வீடு வந்தேன். கண்ணை மூடினால் உன் தங்கையின் குரல்தான் கேட்கிறது. அதில் பயமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.