வெறும் போசி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

மார்பில் இருந்த கட்டி ஈரலுக்கும் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. காந்திபுரத்தில் பஸ் ஏறியதும், இந்த நோயைப் பற்றியே காலேஜில் படிக்கும் பேத்தி நித்யா விளக்கினாள்.

"கட்டி சின்னச் சின்னப் பையா அனுப்புமுங்க அம்மிச்சி. உள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒரு சீட்டு இருக்கும். எதை நிறுத்தோணும், எதை நடத்தோணும்னு அது சொல்லும். ஈரல் அதை வாங்கிட்டு, கட்டி வந்து உக்கார எடம் பண்ணிப்போடும்."

"பிரிக்காமத் திருப்பி அனுப்பக் கூடாதா கண்ணு?"

"எல்லாரும் உங்களாட்டவா இருப்பாங்க?" என்று சிரித்தவள், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாத்தனார் ருக்மணி, என் மகள் கல்யாணத்தில் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போனவள். அதன்பிறகு அவள் சமைத்துக் கொடுத்தனுப்பும் தூக்குப்போசி எதையும் நான் திறந்ததில்லை. நிறைபோசியாகவே திருப்பிவிடுவேன். இத்தனை வருஷம் வாசலில் காவல் இருந்தேன். உள்ளே ஈரல் என்னைக் கேட்காமலே வாங்கிக்கொண்டிருக்கிறது.

இன்றும் ஒரு போசி வந்திருந்தது. திறந்தேன். அரிசிம்பருப்புச் சாதம். நாலு வாய் தின்றேன், ருசி தெரியவில்லை.

கழுவி, ஒரு பிடி சர்க்கரை போட்டு மூடி வைத்திருக்கிறேன். கோபம் தீரவில்லை. வெறும் போசியை அனுப்புகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.