மறுபக்கம் சாய்ந்த தையல்

தங்கச்சிக்கு,

பத்திரிகை வந்திருக்கும். அதில் அச்சடிக்க முடியாததை இதில் எழுதுகிறேன்.

அம்மாவின் அரக்குப் பட்டுச்சேலையைத்தான் முகூர்த்தத்துக்குக் கட்டுவேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்ததால் டார்னிங் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பழைய கிழிசலைத் தடவிப் பார்த்தார்.

"இதைத் தைச்சவங்க இடதுகைக்காரங்க. தையல் பூரா மறுபக்கமா சாயுது பாருங்க."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கிழிச்சது சித்தின்னியே, தைச்சது மட்டும் நீயாம்மா?"

நான் கடைக்காரரின் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அம்மா உன்னை வெளுத்தபோதே, கிழித்தது அக்காதான் என்று வாயைத் திறந்து தொலைத்திருக்கலாமே, கழுதை! 'சின்னவளுக்குக் கொடுத்தால் நாராக்கிவிடுவாள்' என்று சொல்லித்தானே அம்மா கடைசியில் சேலையை என்னிடம் கொடுத்தாள். அப்போதும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மற்ற இடங்களில் இழை தெரியாமல் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தையலை மட்டும் பிரிக்க வேண்டாம் என்றேன்.

இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. அவளுக்கு நீதான் சேலை கட்டிவிட வேண்டும். கிழிசல் வெளியே தெரிகிற மாதிரி மடிப்பு எடு. யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் இடதுகை அக்கா