ஆயில் இன்ஜின் ஓடுற வரைக்கும்

நவ. 4, செவ்வாய்

காலையிலேர்ந்து தூறல். துணி காயல. ஷேர் ஆட்டோல திருச்சானூர்லேர்ந்து திருப்பதி லேபுக்குப் போறதுக்குள்ள பாதி நனைஞ்சாச்சு.

சாயந்திரம் ஜவாத் குளிக்கறப்போ கதவாண்ட நின்னு காது குடுத்தேன். தண்ணி சத்தம்தான். ஆஃப்கான் பாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கினு, ஒரு முணுமுணுப்புகூடக் கேக்காதவ நான் ஒருத்திதான். ஒரு வரி பாடுங்களேன்னா, "முதல்ல பாபா."

பாபா என் மாமனார். காபூலாண்ட ஒரு கிராமம். அவங்க வீட்டு வழக்கம்: மருமக வாசல்லேர்ந்து நாற்காலி வரைக்கும் மெதுவா நடந்து வரணும், மாப்பிள்ளையோட அப்பா பாடணும். பாட்டு முடிஞ்சாத்தான் உக்காரலாம். பரம்பரையா ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பாடினவங்க. அப்பா உயிரோட இருக்கறப்போ பிள்ளை அந்தப் பாட்டை வாயில எடுக்கக்கூடாது.

அங்க இப்போ ஆட்சியில இருக்கறவங்க பாட்டே கூடாதுன்னுட்டாங்க. பக்கத்து வீட்டுல கேட்டாலே வம்பு. பதிவு பண்ணி அனுப்பவும் பயம், வழியில நிறுத்தி போனைத் தொறந்து பாக்கறாங்களாம். சித்தூர்ல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினு ஒரு வருசம் ஆவப்போவுது. நான் இன்னும் நடக்கல.

நவ. 6, வியாழன்

நாளைக்கு லீவு கேட்டேன். மேடம் மூஞ்சியைச் சுளிச்சாங்க.

பாபா போன் பண்ணாரு. வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சறாராம். ஆயில் இன்ஜின் சத்தத்துல பாடினா ரோட்டுல போறவனுக்குக் கேக்காதாம். "மருமகளை ரெடியா இருக்கச் சொல்லு." இதைத் தமிழ்ல சொல்றதுக்குள்ள ஜ. எத்தினி தரம் மூக்கை உறிஞ்சினாரு!

ஊர்ல, வெதுருகுப்பத்துல, எங்க நைனாவுக்குப் போன்ல சொன்னேன். "இன்னாமா இது, பாட்டு கேக்க இன்ஜின் ஓட்டணுமா?" அப்புறம், "டீசல் ஃபுல்லா ஊத்திக்கச் சொல்லு." நானும் ஜ.வும் சிரிச்சோம்.

நவ. 7, வெள்ளி

மழை விட்டுச்சு. ரிஜிஸ்டர் அன்னிக்குக் கட்டின அரக்குப் புடவை. மல்லி கிடைக்கல, சாமந்தி.

எங்க ரூம்ல நடக்கறதுக்கு எங்க எடம்? மொட்டை மாடிதான். படிக்கட்டு கதவுலேர்ந்து தண்ணி டேங்க் வரைக்கும். அங்க பிளாஸ்டிக் நாற்காலி.

ஹவுஸ் ஓனரம்மா: "ஏம் பாப்பா, எவரி பெள்ளி?"

என் கல்யாணம்தான் ஆன்ட்டின்னேன். ஒரு மாதிரி பாத்தாங்க.

போன் ஸ்பீக்கர்ல முதல்ல இன்ஜின்தான். தடதடதட. எங்க கொல்லையில ஓடின அதே சத்தம். அப்புறம் அதுக்கு அடியில ஒரு கிழட்டுக் குரல். வார்த்தை புரியல. அம்மாடி, அந்தக் குரலுக்கு நான் எவ்ளோ ஏங்கிக்கினு இருந்தேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நடந்தேன்.

பாதி தூரம். இன்ஜின் லேசா இருமிச்சு. ஜ.வுக்குப் புரியல, விவசாயி பொண்ணு எனக்குப் புரிஞ்சுது. டீசல் தீருது. ஓடிப்போய் உக்காந்துடலாமான்னு கால் பரபரன்னுச்சு. ஓடக்கூடாதே.

இன்ஜின் நின்னுச்சு. அந்த நொடியே பாட்டும். தூரத்துல ஒரு நாய் குரைக்குது. போன் கட்.

மாடி நடுவுல நான். போகவும் முடியல, திரும்பவும் முடியல. அழுகை.

"நீங்க பாடுங்க."

ஜ. தலையை ஆட்டினாரு, முடியாதுன்னு.

"அப்போ நான் இங்கியேதான் நிப்பேன்."

நின்னேன். தூறல் ஆரம்பிச்சுது. ஓனரம்மா கூப்பிட்டாங்க, போகல. புடவை நனைஞ்சு கால்ல ஒட்டிக்கிச்சு.

பாடினாரு. கண்ணை மூடிக்கினு, பாபா விட்ட எடத்துலேர்ந்து. அதே குரல், வயசுதான் கம்மி.

நவ. 8, சனி

துணி இன்னிக்கும் காயல. இட்லி மாவு புளிச்சுப்போச்சு.

காலையிலேர்ந்து ஜ. போனையே தொடல. அப்பா இருக்கறப்போ பாடிட்டோமேன்னு.

டிபன் துன்னுக்கினு இருக்கறப்போ பாபா போன். யாரும் பிடிக்கல, டீசல்தான் தீந்துபோச்சாம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. ஜ. போனைக் கையால மூடிக்கினு எனக்குச் சொன்னாரு: "மருமக உக்காந்தாளான்னு கேக்கறாரு."

போனைப் பிடுங்கி, எனக்குத் தெரிஞ்ச அரைகுறை பாஷையில நானே சொன்னேன்: உக்காந்துட்டேன் பாபா.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும். அப்பனும் பிள்ளையும் அதுலயும் ஒண்ணுதான்.